எம்.எஸ்சி. விண்ணப்பம் ஐந்தாம் பருவத்தில் தொடங்குகிறது: பாம்பனிலிருந்து ஓர் அனுபவப் பகிர்வு

பி.எஸ்சி. விலங்கியல் கடைசிப் பருவத் தேர்வு முடிவு வெளியானதும் பாம்பன், தங்கச்சிமடம், மண்டபம், வேதாளை பக்கத்துப் பிள்ளைகள் என்னிடம் கேட்கும் முதல் கேள்வி, "அக்கா, எம்.எஸ்சி.க்கு எங்கே போடலாம்?" என்பதுதான். அந்தக் கேள்வி பெரும்பாலும் ஜூன் மாதத்தில் வருகிறது. அதற்குள் அகில இந்திய அளவிலான நுழைவுத் தேர்வுகள் முடிந்து, முடிவுகளும் வந்து, சில இடங்களில் கலந்தாய்வே தொடங்கியிருக்கும். அப்போது மிஞ்சியிருப்பவை அருகிலுள்ள அரசுக் கல்லூரிகளும் மாநிலப் பல்கலைக்கழகங்களின் சில துறைகளும்தான். அவை தரத்தில் குறைந்தவை என்று சொல்ல வரவில்லை. நானும் ஒரு மாநிலப் பல்கலைக்கழகத்தில்தான் கடல் உயிரியல் படிக்கிறேன். ஆனால் நான்கைந்து இடங்களை எதிரில் வைத்துக்கொண்டு ஒன்றைத் தேர்வதற்கும், மிஞ்சியதில் சேர்வதற்கும் நிறைய வித்தியாசம் உண்டு.

நான் 2021 முதல் 2024 வரை ராமநாதபுரம் மாவட்டத்தில் உள்ள ஓர் அரசு கலைக் கல்லூரியில் தமிழ் வழியில் விலங்கியல் படித்தேன். அப்பா விசைப்படகில் கூலிக்குக் கடலுக்குப் போகிறவர். அம்மா கடல்பாசி எடுக்கப் போகிறவர். முதுநிலைப் படிப்பைப் பற்றி வீட்டில் யாருக்கும் எதுவும் தெரியாது என்றாலும், படிக்கிற பிள்ளையை நிறுத்தக் கூடாது என்பதில் இருவருக்கும் இரண்டாவது கருத்து இருந்ததில்லை. வழி காட்டியவர் எங்கள் துறையில் கௌரவ விரிவுரையாளராக இருந்த மேடம் ஒருவர். ஐந்தாம் பருவம் தொடங்கியதும் அவர் ஒரு பெரிய தாளில் அடுத்த ஜூன் வரைக்குமான மாதங்களை வரிசையாக எழுதி, எந்த மாதத்தில் எந்த விண்ணப்பம் என்று குறித்து, ஆய்வகக் கதவின் உட்புறத்தில் ஒட்டி வைத்தார். நான் இங்கே எழுதுவதில் பாதி அந்தத் தாளுக்கான விளக்கவுரை.

முதலில் வருவது ஐ.ஐ.டி.கள் சேர்ந்து நடத்தும் ஜாம் தேர்வு. அதற்கான விண்ணப்பம் செப்டம்பர் தொடக்கத்தில் திறந்து அக்டோபரில் முடிந்துவிடும். தேர்வு பிப்ரவரியில் ஒரு ஞாயிற்றுக்கிழமை நடக்கும். உயிரியல் மாணவர்களுக்கு உரியது அதிலுள்ள உயிர்த்தொழில்நுட்பத் தாள். 2024 தேர்வில் ஒரு தாளுக்குப் பொதுக் கட்டணம் 1800 ரூபாய். பெண்களுக்கும் பட்டியல் சாதி, பழங்குடி மாணவர்களுக்கும் மாற்றுத் திறனாளிகளுக்கும் அதில் பாதி. அடுத்தது மத்தியப் பல்கலைக்கழகங்களுக்கான சி.யூ.இ.டி. முதுநிலைத் தேர்வு. நான் எழுதிய ஆண்டில் விண்ணப்பம் 2023 டிசம்பர் கடைசி வாரத்தில் திறந்து பிப்ரவரியில் மூடப்பட்டது. தேர்வு மார்ச்சில் நடந்தது. உயிர்த்தொழில்நுட்பத்தில் சேர விரும்புவோருக்கு மத்திய அரசின் உயிர்த்தொழில்நுட்பத் துறை உதவித்தொகையோடு நடத்தும் முதுநிலைப் படிப்புகளுக்கான கேட்-பி தேர்வும் ஆண்டின் தொடக்க மாதங்களில் அறிவிக்கப்படுகிறது. இவையெல்லாம் முடிந்து கோடை வந்த பிறகுதான் மாநிலப் பல்கலைக்கழகங்களின் தனித்தனி விண்ணப்பங்களும், அரசு கலைக் கல்லூரிகளுக்கான பொது இணையதள விண்ணப்பமும் வருகின்றன.

இவை எல்லாவற்றுக்கும் கடைசி ஆண்டில் படித்துக்கொண்டிருப்பவர்களும் விண்ணப்பிக்கலாம். பட்டம் கையில் வந்த பிறகுதான் போட முடியும் என்ற எண்ணம் எங்கள் கடற்கரையில் ஆழமாக வேரூன்றியிருக்கிறது. அந்த எண்ணம் ஒன்றினாலேயே ஓர் ஆண்டு வீணாகி, அந்த ஓராண்டில் திருமணமோ வேலையோ முடிவாகி, படிப்பு அங்கேயே நின்றுபோன பிள்ளைகளை எனக்குத் தெரியும்.

தேதிக்கு அடுத்தபடியாகப் பார்க்க வேண்டியது தகுதி. தகவல் கையேட்டில் தகுதி பற்றிய பத்தியை நிதானமாக, ஒவ்வொரு சொல்லாக வாசிக்க வேண்டும். மேல்நிலையில் தாவரவியலும் விலங்கியலும் தனித்தனியாக உள்ள தூய அறிவியல் பிரிவில் படித்தவர்களுக்குக் கணிதம் இருந்திருக்காது. ஜாம் உயிர்த்தொழில்நுட்பத் தாளின் பாடத்திட்டத்தில் பிளஸ் டூ அளவிலான கணிதமும் இயற்பியலும் வேதியியலும் உண்டு. அதற்காக அஞ்சி ஒதுங்க வேண்டியதில்லை. 60 கேள்விகளில் பெரும்பகுதி உயிரியல்தான். தவறான விடைக்கு மதிப்பெண் பிடிப்பதும் முதல் பிரிவில் உள்ள 30 கேள்விகளில் மட்டும்தான். ஆயினும் தேர்வு எழுதத் தகுதி பெறுவதும் ஒரு குறிப்பிட்ட நிறுவனத்தில் சேரத் தகுதி பெறுவதும் ஒன்றல்ல. பிளஸ் டூவில் கணிதம் இருந்திருக்க வேண்டும் என்று சில நிறுவனங்கள் தனியாகக் கேட்கலாம். கட்டணம் கட்டுவதற்கு முன் அதைப் பார்த்துவிட வேண்டும்.

மீனவக் குடும்பத்துப் பிள்ளைகளிடம் நான் அடிக்கடி காணும் குழப்பம் இன்னொன்று. மீன்வளப் பல்கலைக்கழகத்தின் எம்.எஃப்.எஸ்சி. (மீன்வள அறிவியல் முதுநிலை) படிப்பில் சேரலாம் என்று விலங்கியல் முடித்தவர்கள் ஆசைப்படுகிறார்கள். அந்தப் படிப்புக்கு நான்காண்டு பி.எஃப்.எஸ்சி. பட்டம் வேண்டும்; பி.எஸ்சி. விலங்கியல் போதாது. அதுபோல், மண்டபத்தில் வளர்ந்தவர்களுக்குச் சி.எம்.எஃப்.ஆர்.ஐ. (மத்தியக் கடல் மீன்வள ஆராய்ச்சி நிறுவனம்) என்பது வாசலில் இருக்கும் பெயர். முன்பு அந்த நிறுவனத்தின் தலைமையகமே மண்டபம் முகாமில்தான் இருந்தது; 1971இல் அது கொச்சிக்குப் போனது. அதனால் "இங்கேயே சேர்ந்துவிடலாமே" என்று பெற்றோர் கேட்பதில் வியப்பில்லை. ஆனால் மண்டபத்தில் இருப்பது மண்டல ஆய்வு மையம். எம்.எஸ்சி.யில் வேறோரிடத்தில் சேர்ந்துவிட்டு, ஆய்வேட்டுக்காகவோ பயிற்சிக்காகவோ முறைப்படி அனுமதி கேட்டு அங்கே வரலாம் என்று பெற்றோருக்கு விளக்கிச் சொன்னால் அவர்களுக்குப் புரிகிறது.

இனி சான்றிதழ்கள். படிப்பைவிட இதில்தான் அதிக ஓட்டம் இருக்கும் என்பதால் சற்று விரிவாகவே எழுதுகிறேன்.

எங்கள் குடும்பத்துக்குத் தமிழ்நாட்டில் மிகவும் பிற்படுத்தப்பட்டோர் என்று சாதிச் சான்றிதழ் உண்டு. மாநில அரசின் 69 சதவீத இடஒதுக்கீட்டில் அந்தச் சான்றிதழ் ஒன்றே போதும். ஒருமுறை வாங்கினால் மறுபடி வாங்க வேண்டியதில்லை. மத்திய நிறுவனங்களில் மிகவும் பிற்படுத்தப்பட்டோர் என்ற தனிப் பிரிவே கிடையாது. அங்கே 27 சதவீதம் ஓ.பி.சி.க்கு உரியது, அதற்குக் கிரீமி லேயரில் (வசதி படைத்தோர் பிரிவில்) வரவில்லை என்று குறிப்பிடும் தனிச் சான்றிதழை மத்திய அரசின் படிவத்தில் வாங்க வேண்டும். சாதியின் பெயர் மத்தியப் பட்டியலிலும் இருக்கிறதா என்று முதலில் சரிபார்க்க வேண்டும். பிறகு இ-சேவை மையத்தில் பதிவு செய்தால், விண்ணப்பம் கிராம நிர்வாக அலுவலர், வருவாய் ஆய்வாளர் வழியாக வட்டாட்சியரிடம் போய்ச் சேரும். ஏதாவது ஒரு மேசையில் அது நின்றுவிட்டால் குறுஞ்செய்தி வரும் என்று காத்திருக்காமல், ஒப்புகை எண்ணோடு நேரில் போய்க் கேட்பது நல்லது. அம்மா என்னோடு வந்து அலுவலக வராந்தாவில் உட்கார்ந்திருந்த நாட்களில் பாசிக்குப் போக முடியவில்லை. அந்த நாட்களின் கூலியும் விண்ணப்பச் செலவில் சேர்த்தி என்றே நான் கணக்கு வைக்கிறேன்.

இந்தச் சான்றிதழில் எல்லோரும் தடுமாறும் இடம் அதன் தேதி. ஏப்ரல் முதல் மார்ச் வரையிலான நிதியாண்டைத்தான் நிறுவனங்கள் கணக்கில் கொள்கின்றன. விண்ணப்பம் டிசம்பரிலோ ஜனவரியிலோ போடுகிறோம். சேர்க்கை ஜூனிலோ ஜூலையிலோ நடக்கிறது. நடுவே நிதியாண்டு மாறிவிடுகிறது. 2024 ஜனவரியில் செல்லுபடியான சான்றிதழை ஜூலையில் நீட்டினால், ஏப்ரல் 1க்குப் பிறகு வாங்கியது எங்கே என்று கேட்பார்கள். ஆகவே ஏப்ரல் முதல் வாரத்திலேயே புதிய சான்றிதழுக்குப் பதிவு செய்துவிட வேண்டும். மே மாதத்தில் மற்றப் பள்ளி, கல்லூரிச் சேர்க்கைகளுக்கான கூட்டம் இ-சேவை மையத்தில் நிரம்பி வழியும்.

பெயர் அடுத்த தலைவலி. பத்தாம் வகுப்புச் சான்றிதழில் தலைப்பெழுத்தோடு ஒரு மாதிரியும், ஆதாரில் அப்பா பெயரை விரித்தெழுதி வேறு மாதிரியும், வங்கிக் கணக்கில் தலைப்பெழுத்தே இல்லாமலும் இருப்பது எங்கள் ஊரில் சகஜம். எங்கள் பக்கத்துக் கிறிஸ்தவக் குடும்பங்களில் ஞானஸ்நானப் பெயரின் எழுத்துக்கூட்டல் இன்னும் ஒருபடி மேலே போய் அண்ணனுக்கு ஒன்றும் தங்கைக்கு ஒன்றுமாக அப்பா பெயரை மாற்றி வைத்திருக்கும். தேசிய அளவிலான விண்ணப்பங்களில் பத்தாம் வகுப்புச் சான்றிதழில் உள்ளபடியே பெயர் இருக்க வேண்டும் என்பதே பொது விதி. ஆதாரை அதற்கேற்பத் திருத்திக்கொள்ள ஐந்தாம் பருவ விடுமுறையே சரியான நேரம்.

விண்ணப்பத்தைக் கணினி மையத்தில் கொடுத்து நிரப்பச் சொல்பவர்கள் தங்கள் சொந்த மின்னஞ்சலும் சொந்தக் கைபேசி எண்ணும்தான் பதிவாகின்றனவா என்று பக்கத்தில் நின்று பார்க்க வேண்டும். என் தோழி ஒருத்தியின் விண்ணப்பத்தில் மையத்துக்காரர் தன் எண்ணையே கொடுத்துவிட்டார். கடவுச்சொல்லை மாற்ற வேண்டி வந்தபோது, அவர் கைபேசிக்கு வந்த ஓ.டி.பி. எண்ணைச் சொல்ல அவர் கடையைத் திறக்கும்வரை காத்திருக்க நேர்ந்தது. அன்றுதான் திருத்தத்துக்குக் கடைசி நாள். இப்போது பெரும்பாலான விண்ணப்பங்களைக் கைபேசியிலேயே நிரப்பிவிட முடிகிறது. புகைப்படத்தையும் கையெழுத்தையும் அவர்கள் கேட்கும் அளவுக்குள் சுருக்கி ஒரு கோப்புறையில் வைத்துக்கொண்டால் ஒவ்வொரு முறையும் அலைய வேண்டியதில்லை.

தேர்வுக்குத் தயாராவது பற்றி நிறையப் பேர் நிறையச் சொல்லியிருக்கிறார்கள். நான் தமிழ் வழி மாணவர்களுக்காக மட்டும் ஒன்றிரண்டு சொல்கிறேன். சி.யூ.இ.டி.யில் அறிவியல் தாள்களின் கேள்விகள் ஆங்கிலத்திலும் இந்தியிலும் மட்டுமே வரும். பாடம் தெரிந்திருந்தும் கேள்வி புரியாமல் போவதுதான் எங்களுக்கு உள்ள இழப்பு. புதிய பாடப் புத்தகம் எதையும் தொடாமல், முந்தைய ஆண்டுகளின் வினாத்தாள்களை எடுத்து, ஒவ்வொரு கேள்வியையும் தமிழில் வகுப்புத் தோழிக்கு விளக்கிச் சொல்லும் பழக்கத்தை நாங்கள் இருவரும் வைத்துக்கொண்டோம். பேருந்தில் ராமநாதபுரம் போய் வரும் நேரம் அதற்குப் போதுமானதாக இருந்தது. 2024இல் 75 கேள்விகளுக்கு 105 நிமிடங்கள் கொடுத்தார்கள். அடுத்த ஆண்டு அது 90 நிமிடங்களானது. சரியான விடைக்கு நான்கு மதிப்பெண், தவறான விடைக்கு ஒரு மதிப்பெண் கழிவு. நான்கில் இரண்டு விடைகளைத் தவறென்று ஒதுக்கிவிட முடிந்தால் மீதி இரண்டில் ஒன்றைக் குறிப்பது லாபம். ஒன்றையும் ஒதுக்க முடியாத கேள்வியைத் தொடாமல் விடுவது நல்லது.

தேர்வு மையமாக மதுரையைக் கேட்டிருந்தேன், அதுவே கிடைத்தது. பாம்பன் பழைய ரயில் பாலம் 2022 டிசம்பரிலேயே மூடப்பட்டு, புதிய பாலம் 2025 ஏப்ரலில்தான் திறந்தது என்பதால், அந்த இடைப்பட்ட காலத்தில் தீவிலிருந்து ரயில் பிடிக்க மண்டபம் வர வேண்டியிருந்தது. காலை முறைத் தேர்வு உள்ளவர்கள் அதிகாலைப் பேருந்தை நம்பிக் கிளம்பாமல் முந்தின நாளே போய்விடுவது உத்தமம். நான் சித்தி வீட்டில் தங்கினேன். சித்தி காலையில் இட்லி கொடுத்துத் திருநீறு பூச வந்தார்; நாங்கள் வேதக்காரர்கள் (கிறிஸ்தவர்கள்) என்பது அவருக்கு ஞாபகம் வந்ததும், அப்படியே என் தலையில் கையை வைத்து அனுப்பினார். அம்மாவுக்கு அவர் உடன்பிறந்த தங்கை இல்லை, பள்ளிக்கூடத் தோழி என்பதை இங்கே சொல்லிவிட வேண்டும்.

சி.யூ.இ.டி. எழுதியவர்களில் பாதிப் பேருக்குத் தெரியாத ஒன்று, அந்த மதிப்பெண் தானாக எந்த இடத்தையும் வாங்கித் தராது என்பது. தேர்வை நடத்தும் முகமை மதிப்பெண்ணை வெளியிடுவதோடு நிறுத்திக்கொள்ளும். அதன் பிறகு ஒவ்வொரு பல்கலைக்கழகத்தின் இணையதளத்திலும் தனியாகப் பதிவு செய்து, தனியாகக் கட்டணம் செலுத்தி, அவர்கள் வெளியிடும் பட்டியலைத் தொடர்ந்து கவனித்துவர வேண்டும். எந்தப் படிப்புக்கு எந்தத் தாளை எழுதியிருக்க வேண்டும் என்பதையும் அந்தந்தப் பல்கலைக்கழகமே தீர்மானிக்கிறது. விலங்கியல் தாளை எழுதிவிட்டு, உயிர் அறிவியல் தாளைக் கேட்கும் படிப்புக்குப் போய் நின்றால் மதிப்பெண் எவ்வளவு இருந்தும் பயனில்லை.

சில நிறுவனங்கள் தேர்வோடு விடுவதில்லை. ஏன் இந்தப் படிப்பு என்று ஒரு பக்கம் எழுதித் தரச் சொல்கின்றன, அல்லது நேர்காணலில் அதையே வாயால் கேட்கின்றன. என்னைக் கேட்டால், எங்கள் கடற்கரைப் பிள்ளைகள் நகரத்துப் பிள்ளைகளைவிட முன்னால் நிற்கக்கூடிய இடம் இதுதான். ஆனால் அந்த இடத்தில்தான் "சிறு வயது முதலே உயிரியலில் எனக்கு மிகுந்த ஆர்வம்" என்று எல்லோரும் ஒரே வரியை எழுதுகிறார்கள். மேடம் என் தாளை வாங்கிப் பார்த்துவிட்டு, "இதை யார் வேண்டுமானாலும் எழுதலாம். பாம்பன்காரி மட்டும் எழுதக்கூடியதை எழுது" என்றார்.

அம்மாவிடமிருந்து தொடங்கினேன். அமாவாசை, பௌர்ணமியை ஒட்டிய நாட்களில் கண்ணாடி மாட்டிக்கொண்டு, பாறை கிழிக்காமல் இருக்க விரல்களில் துணி சுற்றிக்கொண்டு, மூச்சடக்கி முங்கி அவர் எடுப்பது மரிக்கொழுந்துப் பாசியும் கட்டக்கோரையும். மரிக்கொழுந்து அகர் தயாரிக்கப் போகிறது. கட்டக்கோரையிலிருந்து அல்ஜினேட் எடுக்கிறார்கள். எந்தப் பாறையில் எந்த மாதம் பாசி தழைக்கும், பறித்த இடம் மறுபடி வளர எவ்வளவு நாள் விட வேண்டும் என்பதெல்லாம் அவருக்குத் தெரியும். மன்னார் வளைகுடாவின் 21 தீவுகள் 1986இல் கடல்சார் தேசியப் பூங்காவாக அறிவிக்கப்பட்ட பிறகு, அம்மாவின் பாட்டி காலத்திலிருந்து போய்வந்த தீவோரங்கள் தடை செய்யப்பட்ட இடங்களாகிவிட்டன. வனத்துறையின் நியாயமும் எனக்குப் புரிகிறது. அம்மாவின் நியாயமும் புரிகிறது. மரிக்கொழுந்தைக் கையால் பறிப்பது அடுத்த பருவத்து வளர்ச்சியை எவ்வளவு பாதிக்கிறது என்று பாறையில் சதுரச் சட்டகம் வைத்து, பறித்த இடத்தையும் பறிக்காத இடத்தையும் ஒப்பிட்டு அளந்தால் இருவருக்கும் பயன்படும் விடை கிடைக்கும் என்று எழுதினேன். ஊரில் பெப்சி பாசி என்று அழைக்கப்படும், வெளிநாட்டிலிருந்து வந்த கப்பாபைகஸ் பாசி குருசடைத் தீவின் பவளங்கள் மேல் படர்ந்திருப்பதாக 2008இல் வெளியான ஆய்வையும், அதே பாசியை மிதவைகளில் வளர்த்துப் பிழைக்கும் எங்கள் தெருப் பெண்களையும் அடுத்தடுத்த வாக்கியங்களில் வைத்தேன். இரண்டில் எது சரி என்று தீர்ப்புச் சொல்லவில்லை. படிக்க வருகிற பிள்ளையிடம் தீர்ப்பை யாரும் எதிர்பார்ப்பதில்லை. எதைப் பார்த்திருக்கிறாய், அதிலிருந்து என்ன கேள்வி கேட்கத் தெரியும் என்பதைத்தான் பார்க்கிறார்கள்.

நேர்காணல் ஒன்றில் இது நேரடியாகவே நடந்தது. எதிரே இருந்த மூவரில் ஒருவர் முதுகுநாணிகளின் தோற்றம் பற்றிக் கேட்டார்; பலனோகிளாசஸ் என்ற புழு போன்ற கடல் உயிரி பற்றிச் சொல்லத் தொடங்கி, அது குருசடைத் தீவில் கிடைப்பதைக் குறிப்பிட்டேன். "தீவு உங்கள் வீட்டிலிருந்து தெரியுமா?" என்றார். தெரியும் என்றேன். அதற்குப் பிறகு பாடப் புத்தகக் கேள்விகள் நின்று, நண்டு வலையில் என்னென்ன வரும் என்று கேட்கத் தொடங்கினார்கள். நீல நண்டையும் முக்கண்ணு நண்டையும் எப்படிப் பிரிப்பாய் என்ற கேள்விக்கு, முதுகோட்டின் பின்பக்கம் உள்ள மூன்று புள்ளிகளைச் சொன்னேன். ஆண், பெண் எப்படித் தெரியும் என்று கேட்டதற்கு, புரட்டிப் போட்டால் ஆணின் வயிற்று மடிப்பு ஒடுங்கியும், வளர்ந்த பெண்ணின் மடிப்பு அகன்று வட்டமாகவும் இருக்கும் என்றேன். சினை நண்டின் முட்டைக் கொத்து முதலில் மஞ்சளாக இருந்து, ஆரஞ்சாகி, பொரிக்கும் தறுவாயில் கறுத்துவிடும். கறுத்த சினையோடு வந்த நண்டைக் கடலிலேயே விட்டுவிடும்படி சித்தப்பா சொல்வார் என்றும் சொன்னேன். அந்தக் கறுப்பு எதனால் வருகிறது என்று உடனே கேட்டார் ஒருவர். உள்ளே வளரும் கருவின் கண்களும் நிறமிகளும் என்று சொல்ல முடிந்தது, மேடம் ஒருமுறை சினை நண்டைக் கொண்டுவரச் சொல்லி நுண்ணோக்கியில் காட்டியிருந்ததால்தான். பார்த்தது மட்டும் போதாது. பார்த்ததன் காரணத்தையும் ஒருமுறையாவது வாசித்துவிட்டுப் போக வேண்டும். பதில்களைப் பாதி தமிழிலும் பாதி ஆங்கிலத்திலும் சொன்னேன். அதற்காக யாரும் முகம் சுளிக்கவில்லை.

பரிந்துரைக் கடிதத்துக்கும் இது பொருந்தும். துறைத் தலைவரிடம்தான் வாங்க வேண்டும் என்று பிள்ளைகள் நினைக்கிறார்கள். உங்களை ஆய்வகத்தில் பார்த்தவர், உங்கள் களப் பதிவேட்டைத் திருத்தியவர் எழுதும் கடிதத்துக்கே எடை அதிகம்; அவர் கௌரவ விரிவுரையாளராக இருந்தாலும் தயங்க வேண்டியதில்லை, இரண்டாவது கடிதத்தை நிரந்தரப் பேராசிரியரிடம் வாங்கிக்கொள்ளலாம். கேட்கப் போகும்போது நீங்கள் செய்த செயல்திட்டம், களப்பயணம், கருத்தரங்கு ஆகியவற்றை அரைப் பக்கத்தில் எழுதிக் கொடுத்தால் அவர்களுக்கும் எழுத எளிது. கடைசித் தேதிக்கு இரண்டு வாரம் முன்னதாகக் கேட்பதே மரியாதை.

எங்கே சேர்வது என்பதை நான் முடிவு செய்த விதம் எல்லோருக்கும் பொருந்தும் என்று சொல்ல மாட்டேன். கடல் உயிரியல் என்றால் அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தின் பரங்கிப்பேட்டை உயராய்வு மையம் வெள்ளாற்று முகத்துவாரத்திலேயே இருக்கிறது. பிச்சாவரம் அலையாத்திக் காடும் பக்கம். எங்கள் மாவட்டத்திலேயே தொண்டியில் அழகப்பா பல்கலைக்கழகத்தின் கடலியல், கடலோரப் பகுதி ஆய்வுத் துறை உண்டு. பாக் விரிகுடாவின் கடற்புல் படுகைகள் வாசலில் இருக்கின்றன. புதுவைப் பல்கலைக்கழகத்தின் கடல் உயிரியல் படிப்பு அந்தமானில், இப்போது ஸ்ரீ விஜயபுரம் என்று பெயர் மாறியுள்ள போர்ட் பிளேரில் நடக்கிறது. பவளத்தின் மேல் ஆசை உள்ளவர்களுக்கு அதைவிட நல்ல இடம் குறைவு. ஆனால் அவசரத்துக்கு வீட்டுக்கு வர விமானக் கட்டணமோ சில நாள் கப்பல் பயணமோ வேண்டும். கொச்சியில் குசாட் எனப்படும் கொச்சி அறிவியல் தொழில்நுட்பப் பல்கலைக்கழகமும், குஃபோஸ் எனப்படும் கேரள மீன்வள, கடல்சார் ஆய்வுப் பல்கலைக்கழகமும் இருக்கின்றன; அவற்றுக்குச் சேர்க்கை நடைமுறை தனி. கடலை விட்டு நிலத்துக்கு வர விரும்புவோருக்கு மயிலாடுதுறை அருகே மன்னம்பந்தல் ஏ.வி.சி. கல்லூரியின் வனவிலங்கு உயிரியல் படிப்பையும் சொல்வேன்; நம் பக்கத்தில் அதைப் பற்றித் தெரிந்தவர்கள் மிகக் குறைவு.

நான் பரங்கிப்பேட்டையைத் தேர்ந்தெடுக்குமுன் அங்கே படித்துக்கொண்டிருந்த ஓர் அக்காவின் எண்ணை வாங்கிப் பேசினேன். கட்டணத்தைப் பற்றி அவரிடம் கேட்கவில்லை, அது இணையதளத்திலேயே இருக்கிறது. ஆய்வேட்டுக்கு வழிகாட்டியை மாணவர் தேர்ந்தெடுக்க முடியுமா, களத்துக்குப் போகும் படகுச் செலவை யார் ஏற்பது, பெண்களைக் கடலுக்குள் அழைத்துப் போகிறார்களா அல்லது கரையில் மாதிரி எடுப்பதோடு நிறுத்திவிடுகிறார்களா, முடித்தவர்கள் இப்போது எங்கே இருக்கிறார்கள் என்று கேட்டேன். மூன்றாவது கேள்விக்கு அவர் சிரித்தார். "நாமே கேட்டு ஏறிக்கொள்ள வேண்டும், தங்கச்சி" என்றார்.

கடைசியாகப் பணம். கிழக்குக் கடற்கரையில் ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாட்கள் விசைப்படகுகளுக்கு மீன்பிடித் தடை. சேர்க்கைக் கட்டணம், விடுதி முன்பணம், பயணச் செலவு எல்லாம் வந்து நிற்பது சரியாக அந்தத் தடைக்காலத்தின் முடிவில், படகில் போகிறவர்களின் வீட்டில் இரண்டு மாதமாக வருமானம் இல்லாத நேரத்தில்தான். இடம் கிடைத்ததாகச் செய்தி வந்து நான்கைந்து நாட்களில் கட்டச் சொல்வார்கள். தடை தொடங்குவதற்கு முன்பே, மார்ச் மாதத்திலேயே, அம்மாவின் மகளிர் குழுவில் கடனுக்குப் பெயர் கொடுத்து வைத்தது எங்களைக் காப்பாற்றியது. அரசுப் பள்ளியில் படித்து மாதம் 1000 ரூபாய் பெற்றுவரும் பெண்கள், புதுமைப் பெண் திட்டம் இளநிலைப் படிப்போடு முடிந்துவிடும் என்பதைக் கணக்கில் கொள்ள வேண்டும். முதுநிலைக்குப் பிற்படுத்தப்பட்டோர் நலத்துறையின் கல்வி உதவித்தொகை உண்டு. அது சேர்ந்த பிறகு கல்லூரி வழியாக விண்ணப்பித்து, பல மாதம் கழித்துக் கணக்கில் வருவது. அதை நம்பி முதல் தவணையைத் திட்டமிட முடியாது. அதற்குத் தேவையான வருமானச் சான்றிதழை ஓ.பி.சி. சான்றிதழோடு சேர்த்தே ஏப்ரலில் பதிவு செய்துவிடலாம்.

ஓர் இடத்தில் சேர்ந்துவிட்டு இன்னொரு பட்டியலுக்காகக் காத்திருப்பவர்கள் அசல் சான்றிதழ்களை நினைத்து அஞ்ச வேண்டியதில்லை. சரிபார்த்த பிறகு அசல்களை மாணவரிடமே திருப்பித் தர வேண்டும், விலகினால் கட்டணத்தை விதிப்படி திருப்ப வேண்டும் என்று பல்கலைக்கழக மானியக் குழு 2018இல் அறிவித்திருக்கிறது. அந்த அறிவிப்பின் நகலைக் கைபேசியில் வைத்திருங்கள், பணிவாகக் காட்டினால் போதும். மாற்றுச் சான்றிதழ் வாங்கப் போகும் நாளிலேயே நன்னடத்தைச் சான்றிதழையும் வாங்கி, வேறு பல்கலைக்கழகத்துக்குப் போகிறவர்கள் இடம்பெயர்வுச் சான்றிதழுக்கும் பணம் கட்டி விண்ணப்பித்துவிட வேண்டும். அது வர வாரக்கணக்கில் ஆகும் என்பதால், கட்டிய ரசீதை வைத்துக்கொண்டு சேர்க்கையின்போது கால அவகாசம் கேட்கலாம், எனக்குக் கொடுத்தார்கள். பல இடங்களில் விடுதிக்குத் தனி விண்ணப்பம், தனிக் கடைசித் தேதி. சேர்க்கைக் கடிதத்தின் கடைசிப் பக்கத்தில் சிறிய எழுத்தில் இருக்கும்.